அறியாமல் கொன்றதும் அறிந்து கொன்றதும்

அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்றோர் ஊர் உண்டு. குளிர்காலம் கழிந்து, சற்றே வெதுவெதுப்பான முதல் மழை பெய்யும் இரவில், அவ்வூர்க் காட்டு மண்ணுக்குள் கிடக்கும் சாலமாண்டர் என்னும் உயிர்கள் வெளியே வருகின்றன. பார்வைக்குப் பல்லி; இனத்தாலோ தவளைக்கு உறவு. கரிய உடல், மஞ்சள் புள்ளிகள், ஒரு சாண் நீளம் வரும். ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலே கழிப்பவை, முட்டையிடுவதற்காக மட்டும், பெரும்பாலும் தாம் பிறந்த குட்டையையே தேடிச் செல்கின்றன. கோடையில் வற்றிப்போகும் குட்டை அது. வற்றுவதால் அங்கே மீன் தங்குவதில்லை. மீன் இல்லாததால் முட்டைக்கும் குஞ்சுக்கும் அபாயம் குறைவு.

காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே மனிதன் சாலை போட்டான். மெல்ல ஊர்ந்து கடந்தவை மோட்டார்ச் சக்கரங்களில் நசுங்கின.

வண்டி ஓட்டியவன் குற்றவாளியா? இருட்டு; மழை; கீழே என்ன ஊர்கிறதென்று அவன் அறியான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், “ஐயா, இன்றிரவு அவை இவ்வழியே கடக்கின்றன” என்று ஒருவர் அவனிடம் சொல்லிவிட்ட பின்னர்? வியாபாரிகளாகிய நமக்கு இது புதிய வழக்கன்று. திருட்டுச் சரக்கென்று அறியாமல் வாங்கியவனை நாம் கள்வன் என்பதில்லை. உடையவன் வந்து அடையாளம் சொன்ன பிறகும் அதையே தராசில் வைத்து விற்பவனை என்னவென்று அழைப்பது?

ஆம்ஹர்ஸ்ட் மக்கள் விளக்கும் கையுமாக மழையில் நின்று, அவற்றை எடுத்து அப்புறம் சேர்த்தார்கள். 1987-ல் ஹென்றி வீதியின் கீழே இரண்டு சிறு சுரங்கவழிகளும் அமைந்தன. ஈரம் இல்லாத இடத்தில் அவ்வுயிர்கள் நடக்கத் தயங்கும். ஆகவே மழைநீர் உள்ளே விழும்படி மேற்புறத்தில் துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். தாழ்வான வேலிகள் அவற்றைச் சுரங்கத்தின் வாயிலுக்குத் திருப்புகின்றன. நியூஜெர்ஸியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் நகரத்தார் சுரங்கம் ஏதும் வெட்டவில்லை. அந்தச் சில இரவுகளில் பீக்மன் சாலையையே வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள்.

“மனிதன் பசித்திருக்கப் பல்லிக்குச் சுரங்கமா?” என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். சுரங்கத்துக்குப் பணம் வேண்டும். எல்லா ஊரும் வெட்டித்தான் ஆகவேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். சாலையை அடைப்பதனால் பசித்தவனுடைய சோற்றில் ஒரு பிடியேனும் குறைகிறதா? உயிருக்குப் போராடுபவரை ஏற்றி வரும் வண்டியென்றால் வழி விடத்தான் வேண்டும், அது வேறு. மற்றபடி சுற்றிப்போகும் லோரிக்காரர் இழப்பது சில நிமிடங்கள். அவருடைய சரக்கு மறுநாட் காலையிலும் விலைபோகும். குட்டையில் தண்ணீரோ கோடை வரையில்தான்.