விலையும் கொடையும்

கையால் ஒரு பொருளைச் செய்து விற்பவரிடம், "இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கூடை முடைபவரானாலும், துணியில் பூவேலை செய்பவரானாலும், களிமண்ணில் அகல் விளக்கு வனைபவரானாலும், பலர் சொல்லும் விடை ஒன்றாகவே இருக்கும்: "இலாபத்துக்காகவா செய்கிறேன்? ஏதோ ஆசைக்குச் செய்கிறேன்." இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும். கேட்கும் நாமும் மகிழ்ந்து தலையசைப்போம். எதற்கெடுத்தாலும் ஆதாயம் பார்க்கும் உலகத்தில், ஆசைக்காக உழைப்பவர் ஒருவரைக் காண்பதே ஓர் ஆறுதல் அல்லவா?

உழைப்பை நேசிப்பது உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், அவ்வாறு செய்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு வந்து, ஆசைக்குச் செய்தது என்பதற்காகவே அதன் விலையைக் குறைத்து விற்பது அறமாகுமா? இந்த வினாவை எனக்குள் எழுப்பியவர் நூலாசிரியர் எவரும் அல்லர். என்னைப் பெற்ற தாயார்தாம்.

என் தாயார் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டியவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகல் கடந்து லயத்துக்குத் திரும்பும் வாழ்க்கையில், தமக்கென்று அவர் வைத்துக்கொண்ட இன்பம் ஒன்றே. அது பூக் கட்டுவது. வீட்டின் பின்புறம் அவர் வளர்த்த மல்லிகைச் செடிகளில் மாலை வெயில் தணியும் நேரத்தில் மொட்டுகளைப் பறிப்பார். நனைத்த வாழைநாரைக் கீறி எடுத்து, இரண்டு மொட்டு இப்பக்கம், இரண்டு மொட்டு அப்பக்கம் என்று வைத்து முடிச்சிடுவார். விரல்கள் அவர் கண்ணின் உதவியை நாடியதே இல்லை. காலையெல்லாம் மரத்துக்கு மரம் ஓடிய அக்கைகளுக்கு அதுதான் ஓய்வு. கட்டிய சரத்தைத் தோட்டத்து மாரியம்மனுக்குச் சாத்திவிட்டு வந்து, நிம்மதியாக உறங்குவார்.

1983இல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பள்ளி ஆசிரியனாகியிருந்த நான் அவரைப் பட்டணத்தின் ஓரத்தில் வாங்கிய சிறு வீட்டுக்கு அழைத்து வந்தேன். அங்கே செடிகள் பெருகின, பூவும் பெருகியது. அம்மனுக்குச் சாத்தியது போக மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல், வெள்ளிக்கிழமைதோறும் கோயில் வாசலில் அமர்ந்து விற்கத் தொடங்கினார். அவ்வாசலில் ஒரு முழம் ஒரு வெள்ளிக்கு விற்றது. என் தாயார் ஐம்பது காசுக்குக் கொடுத்தார். "ஆசைக்குக் கட்டுகிற பூ, காசா பெரிது?" என்பார். வந்தவர்கள் அவரை வாயார வாழ்த்தினார்கள். கூடை அரை மணி நேரத்தில் காலியாகிவிடும்.

எதிர்ப்புறம் பூ விற்ற ஓர் இளம்பெண், மூன்று பிள்ளைகளைத் தனியொருத்தியாக வளர்த்து வந்தவர். மொத்த வியாபாரியிடம் விடியற்காலையில் பூ வாங்கி, பகலெல்லாம் கட்டி, மாலையில் விற்பவர். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்குகள் அணைந்த பின்னர், விற்காத சரங்களை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் எங்களிடம் வந்தார். சண்டைக்கு வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "பெரியம்மா, நீங்கள் ஆசைக்குக் கட்டுகிறீர்கள், நான் அரிசிக்குக் கட்டுகிறேன்" என்றார். அவ்வளவுதான். சென்றுவிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் தாயார் பேசவில்லை. நான்தான் பேசினேன். நம் செடி, நம் பூ, நம் உழைப்பு. நாம் எந்த விலைக்கு விற்றால் யாருக்கு என்ன? அடாத விலை கேட்பதுதான் குற்றம். குறைத்து விற்பது எப்படிக் குற்றமாகும்? அன்று என் வாதம் எனக்கு அசைக்க முடியாததாகத் தோன்றியது. அதில் இருந்த ஓட்டை பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குப் புலப்பட்டது.

இலாபம் வேறு, கூலி வேறு. முதலையும் கூலியையும் கழித்த பின்னர் எஞ்சுவது இலாபம். நெருக்கமாகக் கட்டிய ஒரு முழத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் பறித்து, வாடியதை நீக்கி, காம்பைத் திருத்தி, முடிச்சிட வேண்டும். அந்த நேரத்துக்கு உரியது கூலி. "இலாபம் வேண்டாம்" என்று சொன்ன என் தாயார் உண்மையில் துறந்தது இலாபத்தை அன்று, கூலியைத்தான். துறக்க அவரால் முடிந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டு அரிசி என் சம்பளத்தில் வந்தது. அந்த ஐம்பது காசு மல்லிகையின் மறைவான முதலீடு என் ஆசிரியர் சம்பளம். எதிர்ப்புறத்துப் பெண்ணுக்கு அத்தகைய மகன் இல்லை. அவருடைய பூவே அவருக்கு மகனாக இருந்து சோறு போட வேண்டியிருந்தது. வசதி உள்ளவர் தம் கூலியைத் துறக்கும்போது, வசதி இல்லாதவரும் தம் கூலியைத் துறக்குமாறு கட்டாயப்படுத்தப்படுகிறார். முன்னவருக்கு அது தியாகம். பின்னவருக்கு அது பட்டினி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விலையைக் குறைத்தவர் எதையுமே பெறவில்லையா? வாழ்த்தைப் பெற்றார். "எவ்வளவு நல்ல மனம்!" என்னும் புகழைப் பெற்றார். புகழும் ஒருவகை இலாபமே. காசாக வந்தால் அதை இலாபம் என்று கணக்கில் எழுதுகிறோம். புகழாக வந்தால் அதை அன்பு என்று சொல்லி மகிழ்கிறோம்.

இச்சிக்கல் ஒரு கோயில் வாசலோடு முடிவதன்று. நாடு தழுவிய அளவில் இதைச் சந்தித்தவர் காந்தியடிகள். கதர் அவருக்கு வெறும் வாணிகச் சரக்காக இருந்ததில்லை. அது அவருடைய வழிபாடு. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கத்தை நிறுவினார். ஆலைத் துணியின் போட்டிக்கு ஈடுகொடுக்கக் கதரை மலிவாக்க வேண்டியிருந்தது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது? இராட்டை சுற்றிய ஏழைப் பெண்களின் கூலியிலிருந்து வந்தது. 1935இல் காந்தியடிகள் இதை உணர்ந்து எடுத்துரைத்து, நூற்பவருக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி தரப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். விலை ஏறினால் விற்பனை படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் அவரைச் சுற்றியே இருந்தார்கள். ஆயினும், ஏழையின் வயிற்றில் அடித்து மலிவாக்கிய துணி எவ்வளவு தூயதாயினும் தூயதன்று என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

நம் நாட்டுக் கைவினைகளின் நிலையும் இதையே காட்டுகிறது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் பொன்னிழையும் வெள்ளியிழையும் ஊடையாகச் சேர்த்துப் பெண்கள் நெய்யும் சொங்கெட் துணி, 2021இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், இன்று தறியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மகள் நாளை அத்தறியில் அமர்வாளா? அதை முடிவு செய்வது பட்டியலும் பாராட்டும் அல்ல. தாயின் கையில் மகள் காணும் கூலிதான். கைத்தொழில்கள் பல அன்பு இல்லாமல் அழியவில்லை. அன்பு நிறைய இருந்தும் கூலி இல்லாமல் அழிந்தன.

அப்படியானால் கொடுப்பதே தவறா? அன்று. நம் முன்னோர் இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறார்கள். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறார். அவர்கள் தாம் வாங்கும்போது மிகுதியாக வாங்கிக்கொள்ளவில்லை. கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கவும் இல்லை. இரு தட்டும் சமமாக நிற்கும் துலாக்கோல் அது. அங்கே இலாபவெறிக்கும் இடமில்லை. இரக்கம் காட்டி விலையைச் சாய்ப்பதற்கும் இடமில்லை.

சேக்கிழார் காட்டும் திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். மண்பாண்டம் வனைந்து விற்று இல்லறம் நடத்தினார். அதே கையால் ஓடு வனைந்து சிவனடியார்க்கு வழங்கினார். சட்டியும் பானையும் விலைக்கு, திருவோடு கொடைக்கு. பாதி விலைக்கு அடியாருக்குத் திருவோடு விற்றதாகக் கதை இல்லை. காம்பீலி நகரத்து நேச நாயனார் நெசவாளர். அவரும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு வழங்கினாரே அன்றி, மலிவாக விற்கவில்லை. திருப்புகலூர் முருக நாயனார் தொடுத்த மாலைகளோ சந்தையையே காணாமல் இறைவன் திருமேனியைச் சேர்ந்தன. விற்றால் முழுமையாக விற்க வேண்டும்; கொடுத்தால் முழுமையாகக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் 'அன்பு விலை' கொடையும் ஆகாது, வாணிகமும் ஆகாது. அதன் மீதித் தொகையை யாரோ ஒருவர், நாம் அறியாத இடத்தில், நமக்காகச் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

முழு விலை கேட்டால் அன்பு போய்விடுமே என்று சிலர் அஞ்சலாம். அன்பின் இருப்பிடம் விலைச்சீட்டு என்று எண்ணுவதால் வரும் அச்சம் அது. முழம் என்பது என்ன? விற்பவரின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளம். அரசாங்க முத்திரை குத்திய அளவுகோல் அன்று அது, அவரவர் கை. கையை மடக்கிச் சற்றே குறைத்து அளக்கவும் முடியும். விரல் கடந்து நான்கு மொட்டு கூட்டி அளக்கவும் முடியும். சரத்தின் நடுவே வாடிய மொட்டை ஒளித்து வைக்கவும் முடியும்; ஒன்றுகூட வாடாமல் பார்த்துக் கட்டவும் முடியும். முடிச்சு இறுகியதா என்பது கூந்தலில் வைத்த பிறகே தெரியும். வாங்குபவர் காணாத, காசு கொடுத்தும் வாங்க முடியாத அந்த இடங்களில்தான் அன்பு வேலை செய்கிறது. வேலையை அன்போடு செய்தவர் உரிய விலையைக் கூசாமல் கேட்கலாம்.

வாங்குகின்ற நமக்கும் இதில் பங்குண்டு. பேரங்காடியில் ஒட்டியிருக்கும் விலைக்கு மறுபேச்சுப் பேசாத நாம், பசார் மாலாமில் பாய் முடைந்து விற்கும் கிழவியிடம் மட்டும் "கையால் செய்ததுதானே, குறைத்துக் கொடுங்கள்" என்கிறோம். கையால் செய்தது என்பதே அதன் விலை கூடுவதற்கு உரிய காரணம். அதையே குறைப்பதற்குக் காரணமாக்குகிறோம். "உங்களுக்குப் பிடித்த வேலைதானே!" என்று சொல்லி, ஒருவருடைய விருப்பத்தையே அவருடைய கூலியில் கழித்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்தபடியே செய்து கைபேசி வழியாக விற்கும் பெண்கள் பெருகியுள்ள இக்காலத்தில், இச்சொல்லை அவர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்!

என் தாயார் நாயன்மார் வரலாற்றைக் கோயில் சொற்பொழிவுகளில் கேட்டறிந்தவர், எழுத்தறியாதவர். ஆயினும், நான் பல ஆண்டுகள் கழித்துக் கண்ட முடிவை அவர் இரண்டே வாரத்தில் கண்டுவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயில் வாசலுக்குச் செல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சென்றார். முழம் ஒரு வெள்ளி என்றார். பழகிய முகங்கள் சுளித்தன. "வயதான காலத்தில் காசாசை வந்துவிட்டது" என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். என் தாயார் மறுமொழி சொல்லவில்லை. ஈட்டி வைத்திருந்த நல்ல பெயரை அன்று அவர் இழந்தார். அடுத்தவர் கூலியில் கிடைத்த பெயர் தமக்கு வேண்டாம் என்று தெரிந்தே இழந்தார்.

ஆனால் அம்மனுக்குச் சாத்தும் சரத்துக்கு அவர் ஒருநாளும் காசு வாங்கவில்லை. ஏழை வீட்டுத் திருமணத்துக்கும், துணையற்றவர் இறந்த வீட்டுக்கும், கேளாமலே மாலை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பூக்கூடை இரண்டாயிற்று: ஒன்று விற்பதற்கு, ஒன்று கொடுப்பதற்கு. இரண்டையும் அவர் ஒருபோதும் கலக்கவில்லை.

அவர் மறைந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்த மாலைகளுள் ஒன்று, வாசலில் எதிர்ப்புறம் அமர்ந்திருந்த அப்பெண் கொண்டு வந்தது. நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. ஒரு மொட்டுகூட வாடியிருக்கவில்லை. நான் பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். "இது விற்கக் கட்டியது இல்லை, தம்பி" என்றார்.