ஏழே ஏழு கேள்விகள்!

"இங்கிலீஷ் நமக்கு வராது" என்று இனியொரு முறை சொல்வதாக இருந்தால், எத்தனை கேள்வி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். மொத்தமாகப் புலம்பாதே. எண்ணிச் சொல்!

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் லிசனிங் பகுதியில் 40 கேள்விகள். ஏறத்தாழ 23 சரியானால் பேண்ட் என்னும் தர மதிப்பெண் 6. ஏறத்தாழ 30 சரியானால் பேண்ட் 7. இரண்டுக்கும் நடுவே நிற்பவை ஏழே ஏழு கேள்விகள். மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் தம்பியே, பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்யத் துடிக்கும் தங்கையே, உங்கள் தூக்கத்தைப் பறித்தது இந்த ஏழுதான். இதற்கா இத்தனை பயம்?

அந்த ஏழும் எங்கே போயின என்று தேடினாயா? மாதிரித் தேர்வு எழுதினாய், மதிப்பெண்ணைப் பார்த்தாய், முகம் வாடித் தாளை மூடி வைத்தாய். மூடிய தாளை எடு. ஒலிப்பதிவை மறுபடி ஓடவிடு. தேர்வறையில் அது ஒரு முறைதான் ஒலிக்கும். வீட்டில் நூறு முறை கேட்க உன்னை யார் தடுத்தது?

இதோ, பேசுகிறவர் முதலில் செவ்வாய்க்கிழமை என்கிறார். அடுத்த மூச்சிலேயே "இல்லையில்லை, புதன்" என்று மாற்றுகிறார். நீ செவ்வாயை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டாய். ஒன்று போச்சு. பன்மையைக் காட்டும் 'எஸ்' காதில் விழுந்தும் கை எழுதவில்லை. இரண்டு. 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு. நீ ஒரு 'எம்'மை விழுங்கிவிட்டாய். மூன்று. இதையெல்லாம் திருத்திக்கொள்ள லண்டனில் பிறந்திருக்க வேண்டுமா? கான்வென்டில் படித்திருக்க வேண்டுமா? உட்கார்ந்து பழகினால் போதாதா?

ரீடிங்குக்கு வா. 60 நிமிடம், 40 கேள்விகள். 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' வந்ததும் கால் இடறுகிறாய். ஏன்? பத்தியில் இல்லாததை உன் பொது அறிவிலிருந்து எடுத்து நிரப்புகிறாய். உனக்கு என்ன தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பத்தி என்ன சொல்கிறது என்றுதான் கேட்கிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் கிடையாது. அப்படியிருந்தும் நேரம் போதவில்லை என்று நாலு கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தாயே, அது யார் குற்றம்?

ரைட்டிங்கில் குறைந்தது 150 சொல்லில் ஒன்று, குறைந்தது 250 சொல்லில் ஒன்று. இரண்டாவதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. மனப்பாடம் செய்த கட்டுரையைக் கொண்டுபோய்க் கொட்டாதே. திருத்துகிறவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கோவையாகச் சொன்னாயா, சொல் பொருந்துகிறதா, இலக்கணம் நிற்கிறதா என்று நான்கும் சம பங்காகப் பார்க்கப்படும். பல்லை உடைக்கும் சொற்பட்டியலைத் தூக்கிப் போடு. ஒரு கட்டுரை எழுது, தெரிந்தவரிடம் திருத்தி வாங்கு, அதே கட்டுரையை மறுபடி எழுது. திருத்தாமல் எழுதிக் குவித்த நூறைவிடத் திருத்தி எழுதிய பத்து உன்னைக் கரை சேர்க்கும்.

ஸ்பீக்கிங் என்றதும் வயிற்றைக் கலக்குகிறதா? மொத்தம் 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஓர் அட்டை தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. உன் ஊர்த் திருவிழாவைப் பேசு, உன் அப்பத்தாவைப் பேசு! உன் கருத்து சரியா தவறா என்று மதிப்பெண் இல்லை. பேச்சில் மதுரை மணக்கிறது என்பதற்காகவும் குறைக்க மாட்டார்கள். சொல்வது தெளிவாகப் புரிய வேண்டும், அவ்வளவே. நாக்கைச் சுருட்டி வெள்ளைக்காரன் வேஷம் போடாதே. செல்போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து உன் குரலை நீயே கேள். கூசும். கூசட்டும்! பள்ளிக்கூடத்தில் நீ தப்பாகப் படித்தபோது சிரித்தவர்கள் எவரும் அந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

நர்ஸ் தங்கையே, பிரிட்டன் பதிவுக்கு ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும்; ரைட்டிங்கில் 6.5 போதும். ஐஇஎல்டிஎஸ் ஒத்துவரவில்லையா? மருத்துவத் துறையினருக்கென்றே ஓஇடி இருக்கிறது. அதில் நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதுவாய், நோயாளியிடம் பேசுவதுபோல் பேசுவாய். வார்டில் நைட் டூட்டியில் நீ செய்கிற வேலைதான் அங்கே கேள்வித்தாளாக வருகிறது. அதைக் கண்டா நடுங்குகிறாய்?

ஆங்கிலத்தில் தோற்றது நீ மட்டுமா? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையைப் பறிகொடுத்தவர் கணிதமேதை ராமானுஜன். அதே ராமானுஜன்தான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார், 1914-ல் கப்பலேறினார். தோற்ற தாளைத் தலையெழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கடிதம் ஏது? இன்று ஐஇஎல்டிஎஸ்ஸை நடத்தும் மூன்று அமைப்புகளில் ஒன்று அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்தது. அந்த வாசலை நம் மண்ணின் பிள்ளை தட்டி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. உனக்கென்ன தயக்கம்?

ஒன்றில் மட்டும் உஷாராக இரு. "தேர்வே எழுத வேண்டாம், பேண்ட் வாங்கித் தருகிறோம்" என்று ஒருவன் வருவான். அம்மாவின் வளையலை அடகு வைத்து அந்தப் பொய்யை வாங்காதே. பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை இணையத்திலேயே சரிபார்த்துவிடும். மாட்டிக்கொண்டால் பணத்தோடு பெயரும் போகும்.

அப்படியே மாட்டாமல் தப்பினாலும், வகுப்பறையில் பேராசிரியர் கேள்வி கேட்கும்போது உன் வாயைத் திறக்க அவன் வருவானா? நள்ளிரவில் வலியில் துடிக்கும் நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ள அவன் வருவானா? மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். அதற்காக நீ உழைத்துச் சேர்த்த மொழி உன் கூடவே கப்பலேறும், விமானம் ஏறும், வேலைக்கு வரும்.

ஆகவே இன்று ராத்திரியே உட்கார். கடிகாரத்தை எதிரே வை. ஒரு முழுத்தேர்வு எழுது. சிவப்புப் பேனாவால் நீயே திருத்து. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுது: காதா, கண்ணா, அவசரமா, எழுத்துப்பிழையா? நாளைக்கு அவற்றில் ஒன்றையாவது ஒழி. நாளை மறுநாள் இன்னொன்றை ஒழி. அந்தப் பட்டியல் தேய்ந்ததும், யாரிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருக்காமல், உன் கையாலேயே தேர்வுக்குத் தேதியைப் பதிவு செய்!