பாடும் நன்றியும்

வீராம்பட்டினத்துக் கரையில் விடியற்காலைப் படகுகள் ஒதுங்கும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற்கேள்வி, "பாடு எப்படி?" என்பதே. வலையில் விழுந்தது எவ்வளவு என்பது அதன் பொருள். கடற்கரைத் தமிழில் மீன்பாடு என்றால் கடல் தந்தது. ஆலயத்துக்குள் நாமோ அச்சொல்லை வேறு பொருளில் வழங்குகிறோம். தவக்காலம் முழுவதும் ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கிறோம். பெற்றதற்கும் பட்டதற்கும் ஒரே சொல். மொழியின் தற்செயல் என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும் நன்றி என்னும் அறத்தைப்பற்றி எண்ணத் தொடங்கும்போதெல்லாம் இச்சொல் என் முன் வந்து நிற்கிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று.

நான் அரியாங்குப்பத்தில் குடியிருப்பவன். வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் இருந்தார். எங்கள் பிள்ளைகள் அவரை 'ஆயா' என்றே அழைப்பார்கள். செங்கழுநீர் அம்மன் பக்தர். ஆடி மாதத் தேரன்று கூடை வராது என்பதை நாங்களே அறிந்திருப்போம். புதுச்சேரியை ஆளுகிறவரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் தேர் அது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. அன்று ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் சில வாரங்கள் நம் கரையில் மீன் வாங்குவார் இல்லை. கடல் கொண்ட உடல்களை மீன் தின்றிருக்கும் என்ற அச்சம் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. அந்நாள்களில் ஒரு காலைப் பொழுதில் ஆயா வந்து கூடையை எங்கள் திண்ணையில் இறக்கினார். நலம் விசாரித்தார். நான், "கடவுளுக்கு நன்றி சொல்லணும் ஆயா, எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அவர்தான் காப்பாத்தினார்" என்றேன். உள்ளத்திலிருந்து வந்த சொற்கள்தாம். ஆயா சற்று நேரம் பேசவில்லை. நாகப்பட்டினம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளையை அலை கொண்டுபோயிற்று என்று பிறகு சொன்னார். "உங்க சாமி உங்கள பாத்துக்கிச்சு சார். எங்க பேரன ஏன் பாக்கல?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார். என்னிடம் விடையில்லை. இன்னும் வெட்கத்துக்குரியது, அன்று நாங்கள் மீனும் வாங்கவில்லை.

என் நன்றியில் பிழை எங்கே இருந்தது? பிழைத்தமைக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது தவறாகுமா? இக்கேள்வி என்னை மட்டும் உறுத்தியதன்று. அதே நாளில் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் திருப்பலியில் இருந்தவர்கள் உயிர்தப்பினார்கள். கடற்கரையில் நின்ற திருப்பயணியர் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அன்னையின் புதுமை என்று பலர் பேசினார்கள். பேசியவர்களின் பக்தியை நான் ஐயுறவில்லை. ஆனால் கரையில் மாண்டவர்களும் அன்னையைத் தேடி வந்தவர்களே அல்லவா? கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடிய ஆடையோடு மாண்டவர்கள் அல்லவா? உள்ளே இருந்தவர்களை இறைவன் தெரிந்தெடுத்தார் என்றால், வெளியே நின்றவர்களை அவர் என்ன செய்தார் என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள்?

நற்செய்தியில் இக்கேள்வி நேராகவே வருகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்த செய்தியை எடுத்துக்கொண்ட ஆண்டவர், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுவதை வெளிப்படையாக மறுக்கிறார். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு மட்டும் அவர் விளக்கம் தரவில்லை. தராததை நாம் தர முற்படுவது துணிச்சல் என்றே நினைக்கிறேன். இன்னொன்றையும் நாம் கவனியாமல் கடந்து விடுகிறோம். ஆலயத்தில் நின்று செபித்த பரிசேயரின் செபம் நன்றி செபமாகத்தான் தொடங்குகிறது. மற்றவரைப்போல் தாம் இல்லாமைக்காக அவர் இறைவனுக்கு நன்றி கூறுகிறார். அடுத்தவனை அளவுகோலாக வைத்த நன்றி அது. என் திண்ணையில் நான் சொன்னதும் ஏறத்தாழ அந்தச் செபமே என்று உணர எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அம்மாதங்களில் மாலைவேளைகளில் அரிக்கமேடு வரை நடந்துபோகும் பழக்கம் ஏற்பட்டது. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், மரநிழலில், இடிந்த செங்கற்சுவர்கள் நிற்கின்றன. உரோமையரோடு வாணிபம் நடந்த துறை என்று 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து காட்டிய இடம் என்பதால் வருகிறவர்கள் உரோமைச் சுவடுகளைத் தேடுவார்கள். ஆனால் அந்தச் சுவர்கள் உரோமையர் காலத்தவை அல்ல; மறைபரப்பாளர்கள் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டு இல்லம் ஒன்றின் எச்சம். அவற்றின் கதை நம்மவர் பலருக்கும் தெரியாது; சற்று விரித்துச் சொல்கிறேன்.

பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் ஆசிய இளைஞர்களைக் குருக்களாக உருவாக்க 1665-இல் சயாம் நாட்டின் அயோத்தியாவில் ஒரு குருமடம் தொடங்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்குப்பின் பர்மியப் படையெடுப்பால் அது இடம்பெயர்ந்து, கம்போடியக் கடலோரத்தில் ஹா தியன் அருகே ஹோன் தாத் என்னுமிடத்தில் ஓலைக் கொட்டகைகளில் நடந்தது. 1767-இல் அங்கு வந்துசேர்ந்தவர் பிஞ்ஞோ தெ பெஹேன் என்னும் இளங்குரு. வயது இருபத்தைந்து. மறு ஆண்டே, தப்பியோடிய சயாம் இளவரசன் ஒருவனுக்கு இடங்கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் கழுத்தில் மரச்சட்டம் பூட்டப்பட்டு ஏறத்தாழ மூன்று மாதங்கள் சிறையிருந்தார். 1769-இல் கொள்ளையர் குருமடத்தைத் தாக்கினார்கள். மாணவர் சிலர் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்கள் மலாக்கா வழியாகக் கப்பலேறி 1770-இல் புதுச்சேரி வந்தடைந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம்தான் வீராம்பட்டினம். வந்துசேர்ந்த நகரும் அவர்களைப்போலவே அடிபட்டுக் கிடந்தது. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி அப்போதுதான் மீண்டும் எழும்பிக்கொண்டிருந்தது.

(ஒரு குறுக்குச் செய்தி. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணப் பிரான்சிலிருந்து புறப்பட்டு, முதல் வாய்ப்பைக் கடலிலேயே இழந்து, எட்டாண்டுகள் காத்திருந்த வானியலறிஞர் லெ ழாந்தீல், 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் கருவிகளோடு நின்றார். குறித்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. அவரும் வீராம்பட்டினத்துப் பழம்பொருள்களைப்பற்றி எழுதியிருக்கிறார். நம் மணல் பலருடைய ஏமாற்றங்களைத் தாங்கியிருக்கிறது.)

கண்ணெதிரே தோழர்கள் வெட்டுண்டதைப் பார்த்துவிட்டு வந்த அந்த மாணவர்களை எண்ணிப் பார்க்கிறேன். சீனரும் கொச்சின்சீனரும் சயாமியருமான இளைஞர்கள். மொழி தெரியாத மீனவர் கிராமத்தில், கொண்டல் அடிக்கும் கரையில், முதல் நாள் மாலைச் செபத்தில் அவர்கள் எதற்கு நன்றி கூறியிருப்பார்கள்? "எங்களைக் காப்பாற்றினீரே" என்று சொல்ல வாயெடுக்கும்போதே இறந்தவர்களின் முகம் வந்து மறித்திருக்கும். அவர்கள் உள்ளத்தில் என்ன ஓடியது என்பதை நான் சொல்லமுடியாது. செய்தது என்ன என்பது தெரியும். மறுபடியும் பாடம் தொடங்கினார்கள்.

வீராம்பட்டினத்தில் இருந்த அந்த ஆண்டுகளில், 1773-ஐ ஒட்டி, மாணவர்களின் துணையோடு பிஞ்ஞோ ஓர் அகராதியை உருவாக்கினார். வியட்நாமியச் சொல்லுக்கு இலத்தீனில் பொருள் கூறும் கையெழுத்து நூல். எந்த நாட்டுக்குத் திரும்ப வழி அடைபட்டிருந்ததோ அந்த நாட்டின் சொற்களை, ஒவ்வொன்றாக, நம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுதினார்கள். 1774-இல் மயிலையில் சாந்தோமில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு மீண்டும் கிழக்கே சென்றார். அதன்பின் அவர் அரசர்களுக்கிடையே ஈடுபட்ட அரசியலைப்பற்றி எனக்கு முழு உடன்பாடு இல்லை. அது வேறு பொருள். 1799-இல் அவர் வியட்நாமில் இறந்தபோது அகராதி அச்சேறியிருக்கவில்லை. வீராம்பட்டினத்துக் குருமடமும் 1780-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் வீண்.

கையெழுத்து மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது. தபேர் என்னும் ஆயர் வியட்நாமில் நிகழ்ந்த வேதகலாபனைக்குத் தப்பிக் கல்கத்தா வந்து, அதனை விரிவாக்கி, 1838-இல் சீரம்பூரில் அச்சிட்டார். பாப்டிஸ்ட் சபையார் அச்சுக்கலையை வளர்த்த ஊர் அது என்பதையும் நினைத்துக்கொள்வோம். கத்தோலிக்க ஆயரின் நூல் அங்கே அச்சேறியது. முதலில் தொடங்கியவர் பிஞ்ஞோ என்று முகப்பிலேயே குறித்தார். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற இளைஞர் பிலிப் மின். வீராம்பட்டினத்தில் மூடப்பட்ட அதே குருமடம் 1808-இல் பினாங்கில் மறுபிறவி எடுத்தது. அங்குப் பயின்றவர் அவர். 1853-இல் தலைவெட்டுண்டு மறைசாட்சியானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அரிக்கமேட்டுச் செங்கல்லிலிருந்து ஒரு புனிதரின் மேசை வரை நீண்டு செல்லும் நூலிழை இது. அதன் முதல் நுனியைப் பிடித்திருந்தவர்கள் மறுநுனியைக் காணவில்லை.

இதனைப் படித்தறிந்தபின் நன்றி என்னும் சொல் எனக்கு வேறுவிதமாக ஒலிக்கத் தொடங்கியது. வள்ளுவர் தம் பதினோராம் அதிகாரத்துக்கு இட்ட தலைப்பு, செய்ந்நன்றி அறிதல். நன்றி என்றால் பழந்தமிழில் நன்மை. நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிவதே நம் முன்னோர் கண்ட அறம். நாமோ அறிதலை விட்டுவிட்டுச் சொல்லுதலைப் பற்றிக்கொண்டோம். எனக்கு வந்த நன்மை யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்று அறியத் தொடங்கினால், "எனக்கு மட்டும்" என்று சொல்ல நா எழாது. என் காலை உணவில் ஆயாவின் கூடை இருக்கிறது. அவர் மகன் வலையிழுத்த தோள் இருக்கிறது. 'நற்கருணை' என்று நாம் சொல்லும் அருளடையாளத்தின் கிரேக்கப் பெயருக்கே நன்றியறிதல் என்று பொருள். அந்த நன்றி எப்போது சொல்லப்பட்டது? உயிர்ப்புக்குப் பின்னர் அன்று, காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். தப்பிக்கவிருந்தவர் சொன்ன நன்றியாக அது இல்லை. அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, பிட்டுக் கொடுத்தார். நன்றி கூறுதலுக்கும் பகிர்ந்து கொடுத்தலுக்கும் நடுவே இடைவெளியே விடவில்லை. பெற்றதும் பட்டதும் அந்த மேசையில் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தன.

இறைநம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். கடவுளை நம்புகிறவன் முன்னெச்சரிக்கை தேடமாட்டான் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மையத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைக் கணினியில் எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் புறப்படுகிறவர்கள் அதைக் கேட்டார்கள், அம்மனைக் கும்பிட்டார்கள், பிறகு படகைத் தள்ளினார்கள். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குப் பகை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள நல்லவாட்டில் 2004-இல் நிகழ்ந்தது பலரும் அறிந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு தொலைபேசியில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கி அலறி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊரில் ஒருவரும் சாகாமல் வெளியேறினார்கள். இறைவன் காப்பாற்றினார் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குள் அந்தத் தொலைபேசி அழைப்பு இருக்கிறது. ஒலிபெருக்கியை நோக்கி ஓடியவர்களின் கால்கள் இருக்கின்றன. எச்சரிக்கை எட்டாத கரைகளில் மாண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மறந்து சொல்லும் நன்றி இறைவனின் செவியில் எப்படி விழும்?

ஆயாவின் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. விடை இருப்பதுபோல் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். இரவுச் செபத்தில் நாங்கள் முன்பெல்லாம் வீட்டுக்குக் கிடைத்த நன்மைகளை வரிசையாகச் சொல்லி நன்றி கூறுவது வழக்கம். இப்போது ஒவ்வொன்றோடும் அது வந்த வழியிலுள்ள ஒருவரையாவது சேர்த்துச் சொல்கிறோம். செபம் சற்று நீண்டுவிட்டது. என் பேத்திக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அலையில் போன அந்தப் பிள்ளைக்காகவும் செபிக்கிறோம். பெயரை ஆயாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டதற்காக அவர் மகிழ்ந்தாரா, வருந்தினாரா என்று அவர் முகத்திலிருந்து என்னால் அறியமுடியவில்லை.

அன்று மீன் வாங்காமல் அனுப்பியதற்கு ஒரு வாரம் கழித்து ஆயா மறுபடியும் வந்தார். ஒன்றும் நடவாததுபோல் கூடையை இறக்கினார். என் மனைவி அளந்து வாங்கிய நெத்திலிக்கு மேல், வழக்கம்போலவே, ஒரு கைப்பிடி கொசுறு அள்ளிப் போட்டார். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மருமகள் வருகிறார், கூடைக்குப் பதில் ஸ்கூட்டரில் பெட்டி வைத்துக்கொண்டு.

"பாடு எப்படிம்மா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"சுமாருதான் சார்" என்றபடி, எடைபோட்ட பிறகு இரண்டு சங்கராவை எடுத்து எங்கள் பாத்திரத்தில் போட்டார்.