கோடும் உள்ளமும்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் 1990 முதல் பந்தயங்கள் நிகழ்கின்றன. மன்ற அளவில் ஓட்டுவோரும் இன்று வண்டியில் பதிவுக்கருவி பொருத்துவதுண்டு; வேகமும் பிரேக் அழுத்தமும் ஆக்சிலரேட்டரின் நிலையும் நொடிக்குப் பலமுறை அதில் பதிகின்றன.

'வளைவில் நான் பாதத்தைத் தளர்த்தவேயில்லை' என்பார் ஓட்டுநர். திரையிலுள்ள கோடோ அவ்விடத்தில் சரிந்திருக்கும். பொய் சொன்னாரா? உள்ளத்துக்கு மாறாக, ஏமாற்றும் நோக்குடன் உரைப்பதே பொய் என்பது புனித அகுஸ்தினாரின் தெளிவு. இவர் நம்பியதையே கூறினார். அச்சம் அவரைக் கேளாமலே பாதத்தை உயர்த்திற்று. அக்காரணம் கோட்டில் இல்லை, அவரே சொல்லவேண்டும். சொல்லவும் இயலும், கோடு அவர் கையிலன்றோ இருக்கிறது!

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் நூற்பாலைக்கு வரும் பெண்ணை எண்ணுங்கள். எந்திரம் நின்ற நிமிடங்களைக் கணினி குறிக்க, மேற்பார்வையாளர் மட்டும் அதைப் படித்துக் கூலியைக் குறைத்தால், குறை பஞ்சிலா கையிலா என்று யார் கேட்பார்? அத்தாளை அவரிடமும் காட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்?