இன்மையும் கருங்கரடியின் எல்லையும்

அருகிப்போன ஓர் உயிரினம் மீண்டும் பெருகும்போது அடுத்து எங்கே பரவும் என்பது கணிதத்துக்கு மட்டும் உரிய கேள்வியாகத் தோன்றினாலும், கண்டதைக்கொண்டு காணாததை அறியலாமா என்னும் பழைய அளவையியல் சிக்கலும், அதாவது மெய்யறிவு பிறக்கும் வழிகளை ஆராயும் துறையின் சிக்கலும், அதனுள் அடங்கியிருக்கிறது.

'கரடி மாநிலம்' என்றே பெயர் பெற்றிருந்த அமெரிக்காவின் ஆர்கன்சாவில், வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் கருங்கரடிகள் ஏறக்குறைய அற்றுப்போயின. 1958 முதல் 1968 வரை மினசோட்டாவிலிருந்தும் கனடாவின் மனிடோபாவிலிருந்தும் ஏறத்தாழ 250 கரடிகள் கொண்டுவரப்பட்டு மலைக்காடுகளில் விடப்பட்டதன் பயனாக, அவற்றின் வழித்தோன்றல்கள் மிசூரிக்கும் ஓக்லஹோமாவுக்கும் பரவியுள்ளன. இனி எங்கே என்பதை முன்கணிக்க ஆய்வாளர்கள் வாழிடப் பொருத்த மாதிரியைக் கையாள்கின்றனர். கரடி பதிவான இடங்களின் காட்டடர்த்தி, சாலைகள், மக்கள் நெருக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து, அவற்றை ஒத்த பிற நிலங்களும் கரடிக்கு ஏற்றவை எனக் கொள்ளும் முறை அது. கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்று உணர்வதைக் கருத்தளவின், அதாவது அனுமானத்தின், ஒரு வகையாக மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அளவைவாதி எண்ணுகிறான். இம்முறையும் அத்தகைய அனுமானமே.

கரடி காணப்படாத இடத்துக்கு இம்மாதிரி என்ன பொருள் கொள்கிறது என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. காணாமையால் இன்மையை அறியலாம் என்று வகுத்த இந்தியத் தத்துவ மரபு, இருந்திருந்தால் புலப்பட்டே இருக்கும் என்ற நிபந்தனையையும் உடன் விதித்தது. அக்கண்டிப்பை இங்கும் கொண்டால், ஏற்ற நிலமாயின் கரடி இதற்குள் வந்து சேர்ந்திருக்கும் என்பது உறுதியானால்தான் அதன் இன்மை நிலத்தின் குறையைக் காட்டும். இளம் ஆண் கரடிகள் நெடுந்தொலைவு அலைந்தாலும் பெண் கரடிகள் பெரும்பாலும் தாய் வாழும் பகுதியை ஒட்டியே தங்கிவிடுவதால், இனம்பெருக்கும் கூட்டம் மெல்லவே நகர்கிறது. ஆகவே, வெற்றிடங்கள் பலவற்றுக்குக் கரடி இன்னும் வந்து சேரவில்லை என்பதே உண்மையாக இருக்கலாம்.

இதனினும் கடுமையான தடை வரலாற்றில் இருக்கிறது. எஞ்சிய கரடிகள் மனிதர் எளிதில் நுழையாத காடுகளில் மட்டும் பிழைத்ததற்கு, வெளிநிலங்களில் அவை தொடர்ந்து கொல்லப்பட்டதும் காரணம். துப்பாக்கி வகுத்த அந்த எல்லையை விலங்கின் இயல்பென வாசிக்கும் வரைபடம், பழைய அநீதியொன்றுக்கு அறிவியலின் ஒப்புதலைத் தேடித் தந்துவிடுகிறது. உணவும் மறைவிடமும் இடந்தரும் நிலம் எது, மக்கள் இடந்தரும் நிலம் எது என்னும் இரண்டையும் தனித்தனியே வரைவதே நேர்மை. ஏனெனில் கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டியும் தேன்கூட்டுப் பெட்டிகளைச் சுற்றிய மின்வேலியும் வந்த ஊரில், இரண்டாவது எல்லை சில ஆண்டுகளிலேயே இடம்பெயரக்கூடும்.