அழைப்பும் ஆயத்தமும்



திருவேங்கடமுடையான் அழைத்தாலொழிய எவரும் மலையேற இயலாது என்னும் வார்த்தை முத்துக்குளித்துறை மக்களிடையே வழிவழியாக வழங்கி வருகிறது. அதே மக்கள்தாம் திருமலைக்குப் போவதென்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்து, 300 ரூபாய் தரிசனச் சீட்டுக்கு நாள் பார்த்து, யார் யார் வருவது, யார் வீட்டைக் காத்திருப்பது என்று பல இரவுகள் கூடிப் பேசுகிறார்கள். அழைப்பவன் அவனே என்றால் இத்தனை ஆயத்தம் எதற்கு? ஆயத்தத்தினாலேயே காரியம் கைகூடுமென்றால், அழைப்பு என்பது வெறும் உபசார வார்த்தையாகிவிடாதோ? இத்திருவிழாவிற்கு வந்துள்ள அன்பர்களில் பலர் அடுத்து வேங்கடம் செல்லும் எண்ணமுடையவர்களாகையால், இவ்வினாவைச் சிறிது ஆராய்வது தகும்.

பூர்வாசார்யர்கள் இதனைக் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்னும் இரு திருஷ்டாந்தங்களால் விசாரித்தார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்கிறது. சேதனன் பக்கல் ஒரு வியாஜமாவது வேண்டும் என்பர் வேதாந்த தேசிகரின் வழிவந்தோர். அந்த வியாஜத்தையும் உபாயமாக எண்ணலாகாது என்பர் பிள்ளை லோகாசார்யரின் வழிவந்தோர். இவ்விரு திறத்தாரும் ஒருமிக்க ஒப்பும் விஷயம் ஒன்றுண்டு. குட்டியைச் சுமந்து செல்பவள் தாயே. குட்டி தன் காலால் அவ்வழியைக் கடக்கவில்லை.

இக்கரையில் வாழ்வோருக்கு இதனை விளக்கக் குரங்கும் பூனையும்கூட வேண்டா. மன்னார் வளைகுடாவின் பார்களில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (தூத்துக்குடியில் அது கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில்), முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளைத் திறந்து, முத்தின் மதிப்பைக் கணித்த பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. சோதனையில் சிப்பி இல்லையென்றால் அவ்வாண்டு குளிப்பும் இல்லை. இவ்வாறு பல ஆண்டுகள் தொடர்ந்து வறிதே கழிந்ததுமுண்டு. சோதித்தவன் முத்தை உண்டாக்கினான் அல்லன். குளிப்பவனோ கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்கி, மூச்சு தாங்குமளவும் சிப்பி திரட்டிக் கயிற்றை ஒருமுறை அசைப்பான். தோணியில் இருப்பவன் இழுப்பான். கயிற்றை அசைத்த சாமர்த்தியத்தால் மேலே வந்தேன் என்று முத்துக்குளிப்பவன் எவனும் பெருமை பேசியிருக்க மாட்டான். இழுப்பவன் இருக்கிறானே என்று அசைக்காமலே கிடந்தவனும் இருந்திருக்க மாட்டான். யாத்திரைக்குச் செய்யும் ஆயத்தம் அந்தக் கயிற்றின் அசைவு போன்றதே.

இது விளங்காதபோது ஆயத்தம் வேறொன்றாக மாறிவிடுகிறது. மலையிலிருந்து திரும்பியவர் சிலர், "இரண்டே மணி நேரத்தில் முடித்துவிட்டோம்" என்று மகிழ்ந்து சொல்வதுண்டு. அது கடைத்தெருவில் சரக்கு வாங்கி வந்தவன் சொல்லுகிற சொல். கட்டணச் சீட்டு வாங்குவது பாவமன்று. பெருங்கூட்டத்தை ஒழுங்கு செய்யத் தேவஸ்தானம் வகுத்த ஏற்பாடு அது. ஆனால் சீட்டுக்குக் கொடுத்த பணம் வரிசைக்குரிய விலையேயன்றி ஸேவைக்குரிய விலையன்று. விரைவில் ஸேவை கிடைத்தவர் தாம் விசேஷமாக அழைக்கப்பட்டோம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. தர்மதரிசன வரிசையில் இரவெல்லாம் காத்துக் கிடந்தவரும், சீட்டோடு சென்றவரும் நோக்கி நிற்பது ஒரே குலசேகரன் படியைத்தான். அரசாண்ட ஆழ்வார் அங்கே ஒரு படியாய்க் கிடந்தால் போதும் என்றன்றோ ஆசைப்பட்டார்!

நடந்து ஏறுவதா, பேருந்தில் செல்வதா என்னும் தர்க்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அலிபிரி வழியில் 3550 படிகள் உள்ளன. மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது; இரண்டாவது பாதை 1974இல் வந்தது. எம்பெருமானார் மலையடிவாரத்திற்கு எழுந்தருளியபோது, ஆதிசேஷனே மலையாய் நிற்கும் இடத்தைக் காலால் மிதிப்பதெங்ஙனே என்று தயங்கி நின்றதாகவும், தேவரீர் ஏறாவிடில் பிறர் எவரும் ஏறத் துணியார் என்று அடியவர்கள் பிரார்த்தித்த பின்னரே முழங்காலால் ஏறியதாகவும் பெரியோர் கூறுவர். முழங்கால் முறிச்சான் என்னும் இடம் இன்றும் அதனை நினைவூட்டி நிற்கிறது. அங்கே வெளிப்பட்டது தேகத்தின் வலிமையன்று, தேகத்தின் கூச்சமே. மூட்டுவலியுள்ள முதியவரை 3550 படிகளும் ஏறவைத்து, வேண்டுதல் நிறைவேறியதாகக் கருதும் புத்திரர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயத்தத்தில் முதலில் கருத வேண்டியது யாரை முன்னிட்டுச் செல்வது என்பது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஆறாம் பத்தின் முடிவில் வேங்கடத்து எம்பெருமானிடம் சரணம் புகும்போது, அவன் மார்பில் நித்யவாஸம் செய்யும் பிராட்டியை முன்னிட்டே புகுந்தார். ஆகவே திருச்சானூரில் தாயாரை ஸேவிப்பதும், மலைமேல் புஷ்கரிணிக் கரையில் வராஹப் பெருமாளை முதலில் ஸேவிப்பதும் நேரமிருந்தால் செய்யும் காரியங்களாகா. ஊர்தியின் நேரத்தை வைத்துக்கொண்டு இவற்றைக் கழித்துவிடும் திட்டம், திட்டமே ஆகாது.

அடுத்து, உடன் வர இயலாதவர்களையும் அத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். எம்பெருமானாரின் நியமனத்தால் திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்பகைங்கர்யம் செய்த அனந்தாழ்வான், ஒருமுறை மலையிலிருந்து இறங்கி நெடுந்தூரம் நடந்து, உண்பதற்காகப் பிரசாத மூட்டையை அவிழ்த்தாராம். உள்ளே எறும்புகள் இருந்தன. அந்த மலையில் எப்பிறவியாகவேனும் பிறக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மஹான்களாகவும் அவை இருக்கலாம். அவற்றை இடம் பெயர்ப்பது அபசாரம் என்று கருதி, மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப நடந்து மலையிலேயே விட்டுவரச் செய்தார் என்பது ஐதிஹ்யம். எறும்புக்காகப் பயணத்தை மாற்றிக்கொண்டவர் அவர். கிழத்தாயைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் புண்ணியம் தேடிப் புறப்படுவோர் அவர் முகத்தில் எவ்வாறு விழிப்பர்?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பளத்தில் வாறும் ஒருவருக்கு, வெயில் காயும் மாதங்களில் கூலியுண்டு, ஓய்வில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கிய பின் ஓய்வுண்டு, கூலியில்லை. அப்படிப்பட்ட குடும்பம் ஏழுமலையானுக்கென்று மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து வைத்து, வழிச்செலவுக்கும் சிறுகச் சிறுகச் சேர்த்து, புறப்படும் தறுவாயில் குழந்தை நோய்வாய்ப்படுகிறது. சேர்த்த பணம் மருத்துவமனைக்குச் சென்றுவிடுகிறது. அதன்பின் அவ்வீட்டாருக்கு உறக்கமில்லை. சாமிக்கு வைத்ததைத் தொட்டுவிட்டோமே, வட்டியோடு வாங்கிவிடுவானே என்னும் அச்சம் ஒருபுறம். அவன் நம்மை அழைக்கவில்லையே என்னும் ஏக்கம் மற்றொருபுறம்.

அச்சத்திற்கு விடை எளிது. குழந்தையும் அவனுடையது, பணமும் அவனுடையது. அவன் உடைமையை அவன் உடைமைக்குச் செலவிட்டவர் எதனையும் களவாடினவர் அல்லர். மஞ்சள் துணிக் காசு தீண்டப்பட்டிருந்தால் கைக்கு வரும்போது மறுபடி முடிந்து வைத்தால் போதும். வட்டி வாங்கும் தெய்வம் என்பது குபேரனிடம் அவன் பட்ட கடனைச் சொல்லும் கதையை ஒட்டி உலகோர் அன்போடு செய்யும் பரிஹாஸம். அதனைச் சாஸ்திரமாக்கி ஏழைகளைப் பயமுறுத்துவது தகாது.

ஏக்கத்திற்கு விடை இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் வீற்றிருந்த நம்மாழ்வார் வேங்கடத்திற்கு நடந்து சென்றதாகப் பெரியோர் கூறவில்லை. ஆயினும் அம்மலைமேல் இடைவிடாது அடிமை செய்யும் பேற்றை அவரே விரும்பிப் பாடினார். அனந்தாழ்வானின் நந்தவனம் அப்பாசுரங்களிலிருந்து தழைத்தது. சென்றவர் கதையோ இன்னும் விந்தையானது. திருக்கோளூரில் பிறந்த மதுரகவிகள் வடநாட்டு யாத்திரையாக அயோத்தியில் இருந்தபோது தென்திசையில் ஒரு ஜோதி கண்டு, அதனைப் பின்பற்றி வந்து சேர்ந்த இடம் தம் ஊருக்கு அடுத்த குருகூர். பின்னர் அவர் எந்த மலையையும் பாடவில்லை; 11 பாசுரங்களில் ஆழ்வாரை மட்டுமே பாடினார்.

அதே திருக்கோளூருக்கு எம்பெருமானார் எழுந்தருளியபோது, ஒரு பெண்பிள்ளை ஊரைவிட்டு வெளியேறி எதிரே வந்தாள். எல்லாரும் புகும் ஊர் உனக்குப் புறப்படும் ஊராயிற்றோ என்று அவர் வினவ, அவள் பழைய அடியார்கள் 81 பேரின் செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றில் ஒன்றும் செய்யாத தான் அங்கு இருந்தென்ன, போயென்ன என்றாள். தகுதியில்லை என்று சொன்னவளைவிடத் தகுதியுடையார் யாரென்று எம்பெருமானார் திருவுள்ளம் பற்றினார் போலும். யாத்திரையாக வந்தவர், புறப்பட்டவளைத் திரும்ப ஊருக்குள் அழைத்துச் சென்று, அவள் இல்லத்தில் அவள் கையால் சமைத்த தளிகையை அமுது செய்தார்.