உப்பேறிய சுவர்

கெட்டுப்போன ஒன்றைத் திருத்த வருவது, திருத்தப்படும் பொருளினும் வலிமையுடையதாய் இருத்தல் வேண்டுமா? சமுதாய மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் என்றேனும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. தத்துவ நூல்களைப் புரட்டுமுன், இத்தாலியின் வெனிஸ் நகரத்துச் செங்கற்சுவர்களைச் சற்று நோக்குவோம்.

கடற்கழியின் நடுவே அந்நகரை அமைத்தோர், நீர் எளிதிற் புகாத இஸ்திரியக் கல்லைச் சுவரின் அடியில் வைத்து, அதன்மேற் செங்கல்லை அடுக்கினர். நிலம் தாழக் கடல் உயர, நீர் இன்று கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொடுகிறது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உப்புநீர் சுவரில் ஏறுகிறது. நீர் காற்றிலே உலர்ந்துவிடும். உப்போ உள்ளே தங்கிப் பளிங்காய்த் திரளும். அதன் நெருக்குதலிற் செங்கல் மாவாய் உதிர்கிறது. 1966 நவம்பர் 4 ஆந் திகதி வெள்ளம் 194 சென்ரிமீற்றர் உயர்ந்தபோதுதான் உலகம் இதனைக் கவனித்தது. பின்னர் திருத்தப்பட்ட சாந்தா மரியா தெய் மிராக்கொலி என்னும் தேவாலயத்தில், சுவரைப் போர்த்திருந்த சலவைக்கற்களிலே 14 வீதம் உப்பு இருந்தது. அவற்றைக் கழற்றித் துருவேறா உருக்குத் தொட்டிகளில், வடித்த நீரில் ஊறவைத்தே உப்பை நீக்கினர். ஒரு நகரத்தின் சுவர்களையெல்லாம் தொட்டியில் இட முடியுமா?

இருபதாம் நூற்றாண்டு விரும்பிய விடை சீமெந்து. கடினமானது; விரைவில் இறுகுவது; பார்வைக்குச் செம்மையானது. ஆனால் ஈரத்துக்கு அது வெளிவழி விடுவதில்லை. அடைபட்ட ஈரம் பூச்சின் பின்னே மேலும் உயர்ந்து, பூச்சு முடியும் இடத்துக்கு மேலே புண்ணாய் வெளிப்படும். ஈற்றிற் சீமெந்து பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பறித்துக்கொண்டே விழும். நம்மிடையேயும் சீமெந்து மனத்தினர் உளர். மக்களின் குறைகளைத் தீர்மானங்களால் மூடிவிட்டு, சுவர் திருந்திவிட்டதென அறிக்கை விடுவர்.

சுண்ணாம்புக் காரை செங்கல்லினும் மென்மையானது, நுண்டுளைகள் நிறைந்தது. ஈரம் அதனூடாக வெளியேறுவதால் உப்பும் அதிலேயே பூக்கிறது. சில ஆண்டுகளிற் காரை பொரிந்து உதிரும். அதைச் சுரண்டி எறிந்தால் அதனோடு உப்பும் போகும், மீண்டும் பூசவேண்டும். ஈரத்திலும் இறுகும் பொருட்டுச் செங்கற்பொடியைக் கலப்பது உரோமர் காலந்தொட்டு அறியப்பட்ட முறை. முற்றாகச் சிதைந்த செங்கற்களை மட்டும் சிறிது சிறிதாய்ப் பெயர்த்துப் புதியனவற்றைச் செருகும் வேலையை இத்தாலிய மேசன்மார் 'பிரித்துத் தைத்தல்' என்பர். எத்துணை அழகான சொல்!

உப்பை ஏற்று உதிரும் இக்காரைக்கு வல்லுநர் இட்ட பெயர் 'பலிப்பூச்சு'. இப்பெயரிலே நமக்கோர் அச்சம் உண்டு. மெலிந்தது தேய்ந்து வலியதைக் காக்கவேண்டும் என்னும் நியதியை மனிதருக்கும் பொருத்திக் காட்ட ஆளும் வர்க்கத்தின் அறிஞர்கள் ஆயத்தமாய் உள்ளனர். உழைப்பாளி தேய, மாளிகை நிற்கட்டும் என்ற உபதேசம் நமக்குப் புதியதன்று. காரைக்கு நோவில்லை; பூசுகின்ற கைக்கு நோவுண்டு. உவமை இவ்விடத்தில் நிற்கவேண்டும். அக்கைக்குக் கூலி கொடுப்பவர் யார் என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

பணம் இல்லாமலில்லை. 2003 இல் தொடங்கிய கடற்கதவுத் திட்டம் 500 கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிற்று. அதன் ஊழல் தொடர்பாக 2014 இல் முப்பதுக்கு மேற்பட்டோர் கைதாயினர். 2020 ஒக்டோபரில் 78 கதவுகளும் எழுந்து வெள்ளத்தைத் தடுத்தன. அதனை நாம் இகழவில்லை. ஆயினும் பெருவெள்ளம் எதிர்பார்க்கப்படும்போதே அவை எழும். அன்றாட வற்றுப்பெருக்கு உள்ளே வந்து சுவரை நனைத்தபடியே இருக்கிறது. கதவுக்குத் திறப்புவிழா உண்டு. காரையைச் சுரண்டி மறுபடி பூசும் மேசனுக்காக எந்த அமைச்சர் நாடா வெட்டுவார்?

1951 இல் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022 இல் 50,000 பேர்கூட இல்லை. ஈரமே அவர்களை விரட்டிற்று என்பது மிகை. வீட்டு விலையும் உல்லாசப் பிரயாண வணிகமும் அதிற் பெரும்பங்கு கொண்டன. ஆனால் சுவரைத் தொட்டு, 'இவ்விடம் பொரிகிறது' என்று முதலிற் சொல்லக்கூடியவர் அச்சுவருக்குள் வாழ்பவரே. மூன்று நாள் தங்கிச் செல்லும் பிரயாணிக்குச் சுவரடியிற் கிடக்கும் செந்நிற மாவு வெறுந் தூசி.